இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவே

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் நோட்டக்கா. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி நீளமான, கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று எப்போதும் அவள் மேஜையிலோ கக்கத்திலோ இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனம், பிறருக்கு இணையதளங்களை நிறுவிக் கொடுத்து, பின்னறையில் இருக்கும் தன் சொந்த இயந்திரங்களிலேயே அவற்றை ஓட்டியும் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் தொலைபேசி எடுக்கத்தான் அவளை வேலைக்கு வைத்தார்கள். நிறுவும் வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வேறிடம் பார்த்துப் போகப் போக, அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததையெல்லாம் நோட்டில் ஏற்றிக்கொண்டாள். கடைசியில் எழுபத்தோரு படிகள் சேர்ந்தன. நிறுவத் தெரிந்த ஆள் என்று மிஞ்சியது அவள் மட்டும்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இணையதளம் என்பது ஒரு பக்கம். உள்ளே போனால் அது கூட்டுக் குடும்பம். பக்கத்தைக் காட்ட ஒரு மென்பொருள், விவரங்களைச் சேர்த்து வைக்கத் தரவுத்தளம், மின்னஞ்சல் அனுப்ப ஒன்று, தினமும் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் பத்திரப்படுத்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம். ஒன்றுக்குப் பழைய பதிப்புதான் ஒத்துக்கொள்ளும். இன்னொன்று புதியது இல்லாமல் கண்ணே திறக்காது. நாலையும் ஒரே இயந்திரத்தில் குடிவைப்பது, ஒரே அடுப்பில் நாலு ஓரகத்திகள் சமைத்த கதைதான். ஒன்றைச் சமாதானம் செய்தால் இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். நோட்டக்கா பொறுமையாக, ஆறு மணி நேரம் எடுத்து, எழுபத்தோரு படிகளையும் ஏறி முடிப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு படி தவறிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்காக, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை வைக்கும் தளம் அது. யார், எந்த வகை, எந்தத் தெரு, எந்த எண், கடைசியாக எப்போது கொடுத்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஐம்பத்தேழாவது படியில் இருந்தபோது வீட்டுக்காரரின் கைப்பேசியிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கப்பியில் இரண்டு விரல் மாட்டிக்கொண்டதாம். போட்டது போட்டபடி ஓடினாள். மறுநாள் வந்து ஐம்பத்தொன்பதிலிருந்து தொடர்ந்தாள். ஐம்பத்தெட்டாவது படி, தினப்பிரதியை முடுக்கிவிடுவது.

ஐந்து மாதம் அந்தத் தளம் பிரதியே இல்லாமல் ஓடியது. வேறெதையோ தேடப் போய் அவளே கண்டுபிடித்தாள். எதுவும் தொலையவில்லை. முதலாளி இரண்டு நிமிடம் சத்தம் போட்டார், பிறகு மறந்தும் போனார். அவள் மறக்கவில்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுகூட, அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள் இயந்திரம் படுத்திருந்தால் என்ற நினைப்பு வந்து, மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாள்.

மனுஷக் கை மறக்கும் என்று அன்று முடிவு கட்டினாள். எட்டு மாதம், சாப்பாட்டு இடைவேளைகளில் டப்பாச் சோற்றை ஒரு கையால் தின்றுகொண்டே, எழுபத்தோரு படிகளையும் இயந்திரமே ஏறும்படி எழுதினாள். மென்பொருளைத் தனித்தனிக் கன்டெய்னரில் அடைக்கும் முறையை அதற்காகவே கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய சாமான்களோடு தன் பெட்டிக்குள் இருக்கும். பக்கத்துப் பெட்டியோடு சண்டைக்கு இடமே இல்லை. பெட்டிகளை இணைக்க உள்ளுக்குள் ஒரு வழி. அதில் ஒன்றை ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். எந்தெந்தப் பெட்டி, யாருக்கு யாரோடு தொடர்பு, பிரதியிலிருந்து தரவை எப்போது ஊற்றுவது என்று எல்லாம் ஒரே கோப்பில். ஒரே கட்டளை கொடுத்தால் போதும், குடும்பம் மொத்தமும் எழுந்து நிற்கும். பழைய பயத்தில் கூடுதலாக ஒரு வரியும் சேர்த்தாள். பிரதி எடுக்கும் பெட்டி, பிறந்த இரண்டாவது நிமிடமே முதல் பிரதியை எடுத்துவிட வேண்டும். மறப்பதற்கே வழி வைக்கக் கூடாது.

பத்துப் பேர் அடங்கிய போலிப் பட்டியலை வைத்துப் பதினான்கு தடவை சோதித்தாள். பதினான்கு தடவையும் தேறியது. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு நோட்டக்கா. ஆனா கையில செய்யற மாதிரி வருமா? நல்ல சமயம் வரட்டும், பாக்கலாம்" என்றார். நல்ல சமயம் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மோசமான சமயம் வந்தது.

பத்தே முக்காலுக்கு ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. அங்கே பட்டியலைப் பார்த்து ஆட்களைக் கூப்பிடும் அம்மாளின் குரலை நோட்டக்காவுக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் ஆற அமரப் பேசுகிறவர். அன்று மூச்சு வாங்கியது.

"ஏம்மா, தளம் திறக்கவே மாட்டேங்குது! நெடுஞ்சாலையில பஸ்ஸும் லாரியும் மோதிடுச்சு. முப்பத்தோரு பேரைக் கொண்டு வந்திருக்காங்க. அதுல மூணு பேருக்கு ஓ நெகட்டிவ். எங்கிட்ட இருக்கறது ரெண்டே பை."

"ஒரு நிமிஷம் இருங்கம்மா, பாக்கறேன்."

பின்னறையைக் கவனிக்கும் சக ஊழியர் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். வயர்மேன் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு கேபிள் சுற்றிக் கிடக்கும். செய்தியைப் பார்த்த ஊரே, ரத்தம் கொடுக்கப் பெயர் பதிய, ஒரே நேரத்தில் அந்தத் தளத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த இயந்திரம்.

"டிஸ்க் போச்சு. தட்டிப் பாத்தேன், திருப்பிப் போட்டுப் பாத்தேன். உயிர் இல்ல" என்றார்.

"நேத்துப் பிரதி?"

"அது அந்தக் கட்டடத்துல பத்திரமா இருக்கு. புது மெஷின் ஒண்ணு சும்மா நிக்குது. ஆனா அதுல ஒண்ணுமே ஏத்தல, வெறும் சட்டி."

முதலாளி அறையிலிருந்து வந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கும் அழைப்பு போயிருந்தது. "நோட்டை எடு, ஆரம்பி" என்றார்.

நோட்டக்கா நோட்டை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் சொன்னதற்கு அவள் மறுத்துப் பேசியதே கிடையாது.

"கையில செஞ்சா சாயங்காலம் அஞ்சு மணி ஆயிடும் சார். என் கோப்பை ஓட்டினா அரை மணி."

"ஆபத்து நேரத்துல பரீட்சை எழுதிப் பாக்கறியா?"

"பதினாலு தடவை எழுதிட்டேன் சார்."

"அது போலிப் பட்டியல்."

அவர் சொன்னது சரிதான். அவளுக்கும் அது தெரியும். "அஞ்சு மணி வரைக்கும் அவங்க தாங்குவாங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், வயர்மேனைப் பார்த்தார். "அரை மணி. மெஷின் தயாரானதும் எண்ணிக்கோ, அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல" என்றார்.

புது இயந்திரத்தை வலையமைப்பில் மாட்டி, அடிப்படைகளை ஏற்றி, அவள் கோப்பை அதில் வைக்கவே பதினொன்று நாற்பது ஆனது. நடுவில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரி லிஃப்டுகளும் அவர் பொறுப்பில்தான். இன்று ஒன்றும் நின்றுவிடக் கூடாது என்று காலையிலேயே வரவழைத்திருந்தார்கள்.

"இங்க ரத்தம் குடுக்க ஜனங்க வாசல் வரைக்கும் நிக்கறாங்க. ஆனா எல்லாம் வேற வேற வகை. பட்டியல் வந்தாத்தான் சரியான ஆளைப் பிடிக்க முடியுமாம். ஒங்க ஆபீஸ்தானே அது?"

"எங்க ஆபீஸ்தான். நான்தான். வைங்க" என்று வைத்தாள்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கட்டளையைக் கொடுத்தாள். திரையில் வரிகள் ஓடின. தரவுத்தளப் பெட்டி எழுந்தது. மின்னஞ்சல் பெட்டி எழுந்தது. தளத்தின் பெட்டி எழுந்தது, பிரதிப் பெட்டி எழுந்தது. நாலுக்கும் நேரே பச்சைப் புள்ளி. முதலாளி அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா" என்றார். அவள் தளத்தைத் திறந்தாள்.

பட்டியல் இல்லை. 'நல்வரவு. புதிய தளத்தை அமைக்கத் தொடங்குவோம்' என்று சிரித்துக்கொண்டிருந்தது பக்கம். ரத்தம் கொடுப்போர்: பூஜ்யம்.

நோட்டக்கா திரையில் ஓடிய வரிகளை மேலே தள்ளி வேகமாகப் படித்தாள். பிறகு என்ன நடந்தது என்று புரிந்தது. அவ்வளவு பெரிய பிரதி அந்தக் கட்டடத்திலிருந்து வந்து சேர்ந்து, தரவை ஊற்றத் தொடங்குவதற்குள்ளேயே தளத்தின் பெட்டி முழித்துக்கொண்டுவிட்டது. எட்டிப் பார்த்திருக்கிறது. தரவுத்தளம் காலி. 'ஓகோ, புதுக் குடித்தனம்' என்று தானே காலி அலமாரிகளைச் செய்து அடுக்கிவிட்டது. பின்னாலேயே வந்த உண்மைத் தரவு, இடம் ஏற்கெனவே பிடிபட்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டது. போலிப் பட்டியலில் பத்துப் பேர்தான். கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விடுவார்கள். அதனால்தான் பதினான்கு தடவையும் தெரியவில்லை.

அது புரிந்த அடுத்த நொடி இன்னொன்றும் புரிந்தது.

பிரதிப் பெட்டி. பிறந்த இரண்டாவது நிமிடம். அது இந்தக் காலித் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, அந்தக் கட்டடத்துக்கு அனுப்பி, நேற்றைய பிரதியின் மேலேயே எழுதிவிடும். உலகத்தில் அந்தப் பட்டியல் இருக்கும் ஒரே இடம் அது. அவளே எழுதிய வரி. பயந்து பயந்து, மறக்கவே கூடாது என்று சேர்த்த வரி.

நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். அவசரத்தில் எழுத்து மாறியது. மறுபடி தட்டினாள், மறுபடி பிசகியது. நாற்காலி பின்னால் சாய எழுந்து, பின்னறையைப் பார்த்துக் கத்தினாள்.

"கேபிளைப் பிடுங்குங்க! புது மெஷின், நீலக் கேபிள், பிடுங்குங்க!"

வயர்மேன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு அவள் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவள். சடக்கென்று சத்தம். திரையில் வரிகள் உறைந்தன.

முதலாளி முகம் வெளிறிப்போயிருந்தது. "என்ன பண்ணிட்ட? என்ன போச்சு?"

"தெரியல சார். பாக்கணும்."

வேறொரு கணினியிலிருந்து அந்தக் கட்டடத்துப் பிரதியைத் தேடினாள். அந்தச் சின்ன வட்டம் திரையில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தை அவள் பிற்பாடு பல பேரிடம் சொல்ல முயன்று, ஒருவரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. கோப்பு வந்தது. தேதி, நேற்று. அளவு, நேற்றைய அளவு. கைபடாமல் இருந்தது. பிரதிப் பெட்டியின் குறிப்பைப் பார்த்த வயர்மேன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னும் பதினோரு வினாடி."

நோட்டக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போதும்" என்றார் முதலாளி. குரல் உயரவில்லை, அதுதான் அதிகம் சுட்டது. "நோட்டை எடு. எத்தனை மணியானாலும் கையிலயே செய்."

தொலைபேசி அடித்தது. ரத்த வங்கி அம்மாள். போன வருடம் அச்சடித்த தாளை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். பாதி எண் மாறிவிட்டது. இரண்டு பேர் வெளியூர். ஒருவர் போய்ச் சேர்ந்தே ஆறு மாதமாம், அவர் மனைவி எடுத்து அழுகிறாளாம். "எப்பம்மா வரும்? ஒரு வார்த்தை சொல்லு."

வயர்மேன் நோட்டை எடுத்துப் புரட்டினார். "அக்கா, ஒரு சந்தேகம். இருபத்திரண்டு, தரவுத்தளத்தை எழுப்பிப் பிரதியை ஊத்து. இருபத்துமூணு, தளத்தை எழுப்பு. இதே வரிசையைத்தானே கோப்புல எழுதியிருக்கீங்க? கையில செய்யும்போது மட்டும் ஏன் இப்படி ஆகல? இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேனே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தாள். மேஜை, நாற்காலி, இருபத்திரண்டாவது படிக்கு டிக் போடும் பேனா. அப்புறம்?

"டீ குடிக்கப் போவேன்" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாக இருபத்திரண்டு முடிந்ததும் எழுந்து, மூன்று மாடி இறங்கி, எதிர்ச்சாரிக் கடையில் டீ குடித்துவிட்டு ஏறி வந்திருக்கிறாள். வருவதற்குள் தரவு முழுக்க ஊற்றப்பட்டுத் தரவுத்தளம் தயாராகியிருக்கும். அந்தக் காத்திருப்பும் ஒரு படி. முதுகு வலிக்காக எழுந்து போனதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அதை யாராவது நோட்டில் எழுதுவார்களா?

"கோப்பு டீ குடிக்கப் போகாது சார்" என்றாள். எழுந்து நின்றாள். "பத்து நிமிஷம் குடுங்க. காத்திருக்கறதை எழுதறேன். பிரதிப் பெட்டியை இப்ப எழுப்பவே மாட்டேன். அந்தக் கட்டடத்துல இருக்கற கோப்பை முதல்ல இன்னொரு பிரதி எடுத்துத் தனியா வெச்சுடலாம். அப்புறம் தப்பே ஆனாலும் பட்டியல் போகாது."

முதலாளி வாயைத் திறந்தார். தொலைபேசி மறுபடி அடித்தது. வாயை மூடிக்கொண்டு அவரே போய் எடுத்தார். "வேலை நடந்துக்கிட்டிருக்கும்மா. ஆமா, அவதான் செய்யறா" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது.

எழுதியது ஏழு வரி. தரவுத்தளத்தை எழுப்பு. இரண்டு வினாடிக்கு ஒருதடவை 'தயாரா?' என்று கேள். தயார் என்றால் பிரதியை ஊற்று. ஊற்றி முடிந்ததும் 'எத்தனை பேர்?' என்று கேள். நேற்றைய எண்ணிக்கை வந்தால் மட்டும் தளத்தை எழுப்பு. வராவிட்டால் அங்கேயே நில், யாரையும் எழுப்பாதே. வயர்மேன் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தார். பழைய பெட்டிகளைத் துடைத்து எறிந்தார்கள். நீலக் கேபிள் திரும்ப ஏறியது.

பன்னிரண்டு இருபத்தொன்று. கட்டளை.

'தயாரா? இல்லை. தயாரா? இல்லை. தயாரா? ஆம்.' பிறகு ஊற்றும் வரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு நிமிடம். இரண்டு. திரையில் அசைவே இல்லை. முதலாளி ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். மூன்று. கையில் செய்த காலத்தில் இந்த நேரத்தில்தான் அவள் படி இறங்கிக்கொண்டிருப்பாள். நான்கு. "நின்னுடுச்சா?" என்றார் முதலாளி. "தெரியாது சார்" என்றாள். ஐந்து. நகத்தைக் கடித்ததில் தோல் பிய்ந்து எரிந்தது. ஆறாவது நிமிடத்தில் வரி நகர்ந்தது.

'எத்தனை பேர்? பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.'

தளம் எழுந்தது. நோட்டக்கா திறந்தாள். ஓ நெகட்டிவ் என்று தேடினாள். பெயர்களும் தெருக்களும் எண்களும் வரிசையாக வந்து இறங்கின. அவள் தொலைபேசியை எடுத்து, "அம்மா, இப்ப பாருங்க" என்றாள். மறுமுனையில் நன்றி கூடச் சொல்லாமல் டக்கென்று வைத்துவிட்டார். அதுதான் சரி.

ஐந்து நிமிடத்தில் தளம் திணறத் தொடங்கியது. ஊர் மறுபடி மொய்த்துவிட்டது. முதலாளி தலையில் கைவைத்தார். நோட்டக்கா கோப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். ஒன்று இருந்த இடத்தில் நான்கு. அதே தளப்பெட்டி நாலாகப் பிரிந்து நின்று கூட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. கையில் செய்திருந்தால் அது இன்னும் ஒரு நாள் வேலை.

ஒன்றரை மணிக்குள் ஐந்து பேர் ரத்த வங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சலூன் நாற்காலியில் பாதி முகச்சவரத்தோடு எழுந்து வந்தாராம். மூன்று பேரில் இரண்டு பேர் பிழைத்தார்கள். மூன்றாவது ஒரு பெண். நோட்டக்காவின் வயதுதான் இருக்கும். மாலை ஆறு மணிக்கு இறந்துபோனாள்.

வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். அவர் ஓட்டிய லிஃப்டில்தான் அவளை மேலே கொண்டுபோனார்கள்.

"முதல் தடவையே சரியா வந்திருந்தா முக்கால் மணி நேரம் முன்னாடியே கிடைச்சிருக்கும்" என்றாள் நோட்டக்கா.

"கையில செஞ்சிருந்தா மூணு பேருமே போயிருப்பாங்க."

"அது வேற, இது வேற."

அவர் மறுக்கவில்லை. "டாக்டரே சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டில் வைத்ததைத் தின்னும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்விக்கு அவளுக்கு விடை கிடைக்கவேயில்லை. கிடைக்காது என்று ஒத்துக்கொள்ளவே ஒரு வருடம் பிடித்தது.

அதற்கப்புறம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தளங்களும் அவள் முறைக்கே மாறின. பிரதி இப்போது ஒன்றின் மேல் ஒன்று எழுதுவதில்லை; ஏழு நாளைக்கும் ஏழு. காலியான தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கச் சொன்னால் பெட்டி மறுத்துவிடும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பட்டப்பகலில், தளத்துக்கு ஆள் வரவு குறைந்த நேரமாகப் பார்த்து, நன்றாக ஓடும் ஒரு தளத்தை வேண்டுமென்றே சாய்த்துவிட்டு, முழுப் பட்டியலையும் வைத்துத் திரும்ப எழுப்பிப் பார்ப்பாள். முதலில் முதலாளி, "நல்லா ஓடறதைக் கெடுக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று முணுமுணுத்தார். நாலாவது மாதம் அவரே, எந்தத் தளம் என்று அவளிடம்கூடச் சொல்லாமல், பின்னறைக்குப் போய் ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு வந்து நின்றார்.

ரத்த வங்கித் தளம்தான். நோட்டக்கா கட்டளையைத் தட்டினாள், எழுத்து பிசகவில்லை. எட்டரை நிமிடத்தில் எண்ணிக்கை சரியாக வந்தது, தளம் எழுந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

தொலைபேசி அடித்தது. "ஏம்மா, இப்பக் கொஞ்ச நேரம் காணாமப் போச்சே, என்ன விஷயம்?" என்றார் ரத்த வங்கி அம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. நாங்கதான் சாய்ச்சோம்."

"எதுக்கு?"

"எழுந்திருக்குதான்னு பாக்க."

"அடுத்த தடவை சாய்க்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடும்மா. எனக்குக் கைகால் ஓடல" என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டு, நோட்டக்கா அவர் எண்ணை எழுதிக் கோப்பின் முதல் வரியாகச் சேர்த்தாள்: 'சாய்க்கும் முன் இவரை அழை.'